எலவனாசூர்கோட்டை முதல் ஏத்தாப்பூர் வரை

உளுந்தூர்ப்பேட்டையில் சென்னை–திருச்சி சாலையை விட்டு மேற்கே திரும்பினால் சேலம் சாலை. அதில் கொஞ்ச தூரத்திலேயே எலவனாசூர்கோட்டை வந்துவிடும். "பைபாஸ்ல நிக்குமா, ஊருக்குள்ள போவுமா?" என்று நடத்துநரிடம் கேட்டுக்கொண்டுதான் பேருந்தில் ஏறவேண்டும். கேட்காமல் ஏறினால் நெடுஞ்சாலை ஓரத்தில் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். பேருக்கு ஏற்றபடி இங்கே ஒரு கோட்டை இருந்தது. 18ஆம் நூற்றாண்டுக் கர்நாடகப் போர்களில் பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் அதன்மேல் கண்வைத்திருந்தார்கள். சோழர் காலக் கல்வெட்டுகளைச் சுமந்து நிற்கும் சிவன் கோயில் இன்றும் இருக்கிறது. சுற்றிலும் நெல், கரும்பு, மக்காச்சோளம், உளுந்து, மேட்டுக்கொல்லைகளில் மரவள்ளி.

நான் போனது கோட்டையையோ கோயிலையோ பார்க்க அல்ல. பக்கத்துக் கிராமம் ஒன்றில் வேளாண் கல்லூரி இறுதியாண்டு மாணவிகள் சிலர் தங்கியிருந்தார்கள். அறிவியல் பட்டப்படிப்பை வகுப்பறைக்கு வெளியே, ஊர்ப் பிரச்சினைகளை வைத்துச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்ற பேச்சு கல்வி வட்டாரத்தில் இப்போது அதிகம். மேடையில் கேட்டுச் சலித்த அந்தப் பேச்சை ஒரு சாலையோரம் நடந்து பார்த்துவிடலாம் என்று தோன்றியது. எலவனாசூர்கோட்டையில் தொடங்கி, கள்ளக்குறிச்சி, கல்வராயன்மலை, அப்புறம் ஆத்தூரைத் தாண்டி ஏத்தாப்பூர். அதுதான் வழி.

நாற்றங்கால் விடும் பருவம். வேப்ப மரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் வாளி, ஒரு படி விதைநெல், ஒரு பொட்டலம் கல்லுப்பு, ஒரு முட்டை. மாணவி ஒருத்தி முட்டையை வாளித் தண்ணீரில் விட்டாள். அது அடியில் போய் உட்கார்ந்தது. உப்பைக் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டுக் கலக்கினாள். முட்டை முதலில் நிமிர்ந்தது, பிறகு மெல்ல எழும்பியது, கடைசியில் பழைய நாலணாக் காசு அளவுக்கு ஓடு தண்ணீருக்கு மேலே தெரிந்தது. "இப்ப நெல்லைக் கொட்டலாம்" என்றாள். பதரும் அரைகுறை மணியும் மிதந்தன. முற்றிய நெல் அடியில் தங்கியது. மிதந்ததை அரித்தெடுத்துவிட்டு, அடியில் கிடந்ததை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசினாள். உப்பு ஒட்டியிருந்தால் முளைப்பு கெட்டுவிடும்.

எல்லாம் பாடத்தில் உள்ளபடிதான் நடந்தது. அப்போதுதான் கூட்டத்திலிருந்து ஓர் அம்மா கேட்டார்: "ஏம் பாப்பா, இது இன்னைக்கு இட்ட முட்டையா, கடையில வாங்குனதா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாணவி சிரிக்கவில்லை. "கடையில வாங்குனதும்மா."

"அப்ப அது எத்தினி நாளு ஆச்சோ. ரொம்பப் பழைய முட்ட வெறுந்தண்ணியிலயே மெதக்குமே. எங்கூட்டுல அப்படித்தான் கெட்டதப் பாத்து ஒதுக்குறோம்."

முட்டை ஓடு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகள். நாளாக ஆக உள்ளே இருக்கும் ஈரம் அவற்றின் வழியே வெளியேறும். அந்த இடத்தைக் காற்று பிடித்துக்கொள்ளும். முட்டையின் பருமன் மாறாது, எடை குறையும், அதாவது அடர்த்தி குறையும். பழைய முட்டை கொஞ்சம் உப்பிலேயே மிதந்துவிடும். கரைசல் போதுமான அடர்த்திக்கு வருமுன்பே "இப்ப நெல்லைக் கொட்டலாம்" என்று சொல்லிவிடும். அந்த அம்மா கேட்டது அளவுகோலே சரியா என்ற கேள்வி. ஆய்வகத்தில் அதற்கு அளவீட்டுத் திருத்தம் என்று பெயர் வைத்து ஒரு செமஸ்டர் முழுக்கச் சொல்லிக்கொடுப்பார்கள்.

யாரோ வீட்டுக்கு ஓடிப்போய் அன்று காலை இட்ட நாட்டுக்கோழி முட்டையைக் கொண்டுவந்தார்கள். அதே கரைசலில் அது மூழ்கியது. இன்னும் உப்பு போட வேண்டியிருந்தது. முதல் தடவை அடியில் தங்கிய நெல்லில் ஒரு கைப்பிடி இந்தத் தடவை மேலே வந்தது. மாணவி தன் நோட்டை எடுத்து, முட்டை எப்படிப்பட்டதாக இருக்கவேண்டும் என்று ஒரு வரி எழுதிக்கொண்டாள். இயற்பியலும் உயிரியலும் வேளாண்மையும் அந்த வரியில் ஒன்றாக இருந்தன. மூன்றையும் கலந்து சொல்லித் தர யாரும் திட்டம் போடவில்லை. அந்த அம்மாவுக்கு நாற்றங்கால் நன்றாக வரவேண்டும், அவ்வளவுதான்.

அந்த மாணவிகள் வந்திருந்தது ஊரக வேளாண் பணி அனுபவத் திட்டத்தின் கீழ். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்துக்காக ரந்தாவா குழு 1992இல் செய்த பரிந்துரையிலிருந்து வந்தது அது. பி.எஸ்சி. வேளாண்மை படிப்பவர்கள் இறுதியாண்டில் கிராமத்தில் தங்கி, விவசாயிகளோடு சேர்ந்து பயிரைப் பார்க்கவேண்டும். 2015இல் தொழில்முனைவு, ஆலைப் பயிற்சி முதலியவற்றையும் சேர்த்து இதை விரிவாக்கினார்கள். பூச்சியியல், மண்ணியல், உழவியல், பொருளாதாரம், விரிவாக்கம் என்று மூன்று வருடமாகத் தனித்தனி அறைகளில் படித்ததெல்லாம் இங்கே ஒரே வயலில் சந்தித்துக்கொள்கின்றன. நம் நாட்டுப் பட்டப்படிப்புகளில் ஊரையே பாடமாக்கி, அதற்கு மதிப்பெண்ணும் கொடுத்து, ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் நீண்டகாலமாக நடத்திவரும் ஏற்பாடு என்று பார்த்தால் மருத்துவத்துக்கு வெளியே இது பெரியவற்றில் ஒன்று.

வந்த முதல் வாரத்தில் அவர்கள் தெருவில் ஊரின் வளப்படத்தை வரைந்திருந்தார்கள். கோலப்பொடியில் தெருக்கள், நீலத்தில் ஏரி, பச்சையில் வயல், செங்கல் பொடியில் மேட்டுக்கொல்லை. வரைந்தது மாணவிகளாக இருந்தாலும் திருத்தியது ஊர்க்காரர்கள். "அந்தக் கெணறு தூந்துபோச்சு, அத அழிச்சிடு", "ஓடை இப்பிடித் திரும்பாது." இதிலேயே புவியியலும் நிலத்தடி நீரியலும் நிலவுடைமையும் வந்துவிடுகின்றன. எந்தக் கிணறு வற்றியது, எது வற்றவில்லை, வற்றாத கிணறு யாருடையது என்று மூன்று கேள்வி கேட்டால் போதும், ஊரின் கதை தெரிந்துவிடும்.

குறையும் உண்டு. பெரியவர் ஒருவர் சொன்னார்: "போன வருசமும் இதே மாதிரி புள்ளைங்க வந்துச்சுங்க தம்பி. படம் போட்டுச்சுங்க, ஃபோட்டோ எடுத்துச்சுங்க, போயிடுச்சுங்க. நாங்க சொன்னது என்னாச்சுன்னு யாரும் வந்து சொல்லல." ஃபிளெக்ஸ் பேனரைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்கும் படம் உள்ளூர்ப் பத்திரிகைப் பக்கங்களில் அடிக்கடி வரும். பேனரில் தேதியும் திட்டத்தின் பெயரும் இருக்கும். கேள்வி இருக்காது. ரெக்கார்டு நோட்டு நிரம்பினால் வேலை முடிந்தது என்று ஆகிவிட்டால், கிராமமும் இன்னொரு ஆய்வகம் ஆகிவிடுகிறது. விடை முன்பே தெரிந்த சோதனையைத்தான் அங்கேயும் செய்துகாட்டுவார்கள்.

அன்று மரத்தடியில் நடந்ததற்கும் ஃபிளெக்ஸ் படத்துக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்துக்கொண்டே கள்ளக்குறிச்சி பேருந்தில் ஏறினேன். கேள்விக்கு ஒரு சொந்தக்காரர் இருந்தார் என்பதுதான் வித்தியாசம். விடை தவறினால் நட்டம் அவருக்கு. அவர் எதிரே நிற்கும்வரை 'இது எங்கள் துறை இல்லை' என்று யாரும் நழுவ முடியாது.

தியாகதுருகம் மலைக்கோட்டை ஜன்னலில் வந்து போனது. இந்தச் சாலையே ஒரு பாடம். நான்குவழியாகப் போட்ட சேலம்–உளுந்தூர்ப்பேட்டை சாலை, ஊர்களின் புறவழிகளில் இருவழியாகச் சுருங்கி, நெடுங்காலம் விபத்துகளுக்குப் பேர்போனதாக இருந்தது. வேகத்தோடு வரும் லாரி திடீரென்று குறுகும் சாலையில் எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பது இயற்பியல். இரவு இரண்டு மணிக்கு ஓட்டுநரின் கண் என்ன செய்யும் என்பது உடலியல். புறவழியை ஏன் குறுக்கிப் போட்டார்கள் என்பது பொருளாதாரமும் ஒப்பந்தச் சட்டமும்.

இப்படிப் பிரச்சினையை முன்னால் வைத்து, பாடங்களைப் பின்னால் கூப்பிடுவது உலகத்துக்குப் புதிதில்லை. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 1969இல் தன் மருத்துவக் கல்லூரியில் முதல் மாணவர்களைச் சேர்த்தபோதே, நோயாளியின் பிரச்சினையிலிருந்து பாடத்துக்குப் போகும் முறையைக் கைக்கொண்டது. டென்மார்க்கில் 1972இல் ரோஸ்கில்டே, 1974இல் ஆல்போர்க் என்று இரண்டு பல்கலைக்கழகங்கள் தொடங்கப்பட்டன. மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து ஒரு பிரச்சினையை எடுத்து, செமஸ்டரின் பெரும்பகுதியை அதிலேயே செலவிடுவது அங்கே வழக்கம். நமக்கு அவ்வளவு தூரம் போகவேண்டியதும் இல்லை. டாக்டர் டி.எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். 1956இல் அங்கே வந்த ஊரக உயர்கல்வி நிறுவனம் 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. எந்தத் துறை மாணவரும் கிராமத்தில் போய்த் தங்கி வேலை செய்வது அங்கே படிப்பின் அங்கம். 2014இல் மத்திய அரசு கொண்டுவந்த உன்னத் பாரத் அபியான் திட்டத்தில் கல்லூரிகள் கிராமங்களைத் தத்தெடுக்கின்றன. எண்ணம் ஒன்றுதான். ஆனால் சாதாரண பி.எஸ்சி. மாணவரைப் பொறுத்தவரை இன்றும் அது நாட்டு நலப்பணித் திட்ட முகாம் மாதிரி, படிப்புக்கு வெளியே நடக்கும் ஒரு நல்ல காரியம். அதற்கு மதிப்பெண் இருந்தால்கூட வேதியியலுக்கு உள்ளே இடம் இல்லை.

கள்ளக்குறிச்சியில் அந்த வேதியியலின் நினைவு வராமல் யாரும் இறங்க முடியாது. 2024 ஜூனில் நகரின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தத் தெருக்களில் நின்று எவரையும் எதுவும் கேட்க எனக்கு மனம் வரவில்லை. பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடையில் உட்கார்ந்து, பி.எஸ்சி. வேதியியல் புத்தகத்தில் மெத்தனால் வரும் இடங்களை நினைவுபடுத்திப் பார்த்தேன். எளிய ஆல்கஹால். கொதிநிலை 64.7 டிகிரி. நச்சுத்தன்மை உடையது. அடுத்த பக்கத்தில் எத்தனால், கொதிநிலை 78 டிகிரி.

அந்த இரண்டு பக்கங்களுக்கு நடுவில்தான் அந்த மரணங்கள் நடந்தன. மெத்தனாலும் எத்தனாலும் பார்வைக்கு ஒன்று. மணமும் ஏறக்குறைய ஒன்று. அடர்த்தி 0.79 என்று இரண்டாவது தசமம்வரை ஒன்றே. எலவனாசூர்கோட்டையில் பதரையும் மணியையும் பிரித்துக்கொடுத்த அடர்த்தி, இங்கே விஷத்தையும் சாராயத்தையும் பிரித்துக்காட்டாது. மிதவைமானியைப் போட்டுப் பார்த்தால் எதுவும் தெரியாது. உள்ளே போன பிறகு கல்லீரலில் இருக்கும் ஒரே நொதிதான் இரண்டையும் சிதைக்கிறது. எத்தனாலிலிருந்து வருவதை உடம்பு சமாளித்துவிடும். மெத்தனால் முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாறுகிறது. செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் இயந்திரத்தை அந்த அமிலம் முடக்குகிறது. பார்வை நரம்பை முதலில் பிடிக்கிறது. இந்த மாற்றத்துக்கு நேரம் ஆகும். எத்தனாலும் கலந்திருந்தால் நொதி அதைத்தான் முதலில் கவனிக்கும், அதனால் இன்னும் நேரம் ஆகும். குடித்தவர் தூங்கி எழுந்து, மறுநாள் கண் மங்கும்போது, நேற்றைய பாக்கெட்டுக்கும் இன்றைய கண்ணுக்கும் முடிச்சுப் போட அவருக்குத் தோன்றாமல் போகலாம். அதே கடையில் இன்னொருவர் அப்போது வாங்கிக்கொண்டிருப்பார். மருத்துவமனையில் கொடுக்கும் ஃபோமெபிசோல் அந்த நொதியைத் தடுக்கும் மருந்து. அது கிடைக்காத இடத்தில் எத்தனாலையே மருந்தாகக் கொடுப்பதும் உண்டு.

இவ்வளவும் இளநிலை மாணவருக்குப் புரியாத அறிவியல் இல்லை. ஆனால் கொதிநிலை வேதியியலில் இருக்கிறது, நொதி உயிர்வேதியியலில் இருக்கிறது, அடர்த்தி இயற்பியலில் இருக்கிறது. மெத்தனால் ஆலையிலிருந்து தெருவுக்கு எந்த உரிமத்தின் ஓட்டை வழியாக வருகிறது என்பது சட்டத்தில். நாள்கூலிக்குப் போகிறவர் ஏன் டாஸ்மாக்கை விட்டுப் பாக்கெட்டை வாங்குகிறார் என்பது பொருளாதாரத்தில். மூன்று வருடம் முடித்து வரும் மாணவருக்கு ஐந்தில் ஒன்றோ இரண்டோ தெரிந்திருக்கும். 'உடம்பு ஒரு மாதிரியாக இருக்கிறது' என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும்போது ஐந்தையும் சேர்த்துப் பார்த்து, 'இப்பவே ஆஸ்பத்திரிக்கு வாங்க' என்று இழுத்துக்கொண்டு போகத் தெரிந்த ஓர் இளைஞர் தெருவுக்கு ஒருவர் இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட என்னால் முடியாது. ஆனால் அப்படி ஒருவரை உருவாக்குவது அறிவியல் கல்லூரியின் வேலை இல்லை என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்குப் பேருந்து. வழியில் கோமுகி அணை. மலையில் பெய்த மழை இங்கே தேங்கி, கீழே வயலுக்குப் போகிறது. அதன் பிறகு ஏற்றமும் வளைவும்தான். கல்வராயன் கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு. மலையாளிப் பழங்குடியினரின் நாடு. சடய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்ற ஜாகிர்தார்களின் கையில் 1976 வரை இருந்தது. நாடு விடுதலை பெற்று ஏறக்குறைய முப்பது வருடம் கழித்துத்தான் இந்த மலைக்கு அரசு நிர்வாகம் முழுதாக வந்தது. கருணாபுரம் சம்பவத்துக்குப் பிறகு 2024இல் சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே வழக்கு எடுத்து, மலைமக்களுக்குச் சாலையும் பள்ளியும் மருத்துவமும் எந்த அளவில் இருக்கின்றன என்று அரசைக் கேட்டது.

பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் கீழே ஒரு கல்லூரியில் தாவரவியல் படிக்கும் மலைப் பையன். வீட்டில் அவர்தான் முதல் பட்டதாரியாகப் போகிறார். என்ன பயிர் என்று கேட்டேன். "முன்ன சாமை, தினை, கேழ்வரகு சார். இப்ப பாதிக்கு மேல குச்சிக்கிழங்குதான்." சாமையை ஏன் விட்டார்கள் என்றால் எல்லாரும் சொல்லும் பதில் 'விலை இல்லை' என்பது. இவர் வேறொன்று சொன்னார்: "எங்க ஆயாவுக்கு இப்ப ஒலக்க புடிக்க முடியல சார். அம்மா கூலிக்குப் போவுது. யார் இடிக்கறது?"

சாமையின் உமி கெட்டியானது; ஒட்டிக்கொண்டு இருப்பது. உரலில் போட்டு இடித்து, புடைத்து, மறுபடி இடித்தால்தான் அரிசி ஆகும். முழுக்கவும் பெண்களின் வேலை. குச்சிக்கிழங்குக்கு, அதாவது மரவள்ளிக்கு, அது கிடையாது. பிடுங்கி லாரியில் ஏற்றினால் பணம். இதையே பக்கத்துக் கொல்லிமலையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் பல வருடம் மக்களோடு வேலை செய்து பார்த்திருக்கிறார்கள். பழைய ரகங்களைத் தேடிப் பாதுகாப்பது, விளைச்சலைக் கூட்டுவது என்று மட்டும் நிற்காமல், ஊருக்குள் உமி நீக்கும் எந்திரங்களைக் கொண்டுவந்து, பெண்கள் குழுக்களின் கையில் கொடுத்து, மதிப்புக் கூட்டி விற்பதுவரை போனார்கள். சிறுதானியம் அழிந்துவருவது தாவரவியல் பிரச்சினை மாதிரித் தெரியும். அதன் வேர் உலக்கையில் இருந்தது. எந்திரவியல் தெரிந்தவர் இல்லாமலும், பெண்களிடம் உட்கார்ந்து பேசத் தெரிந்தவர் இல்லாமலும் தாவரவியலார் மட்டும் அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

வெள்ளிமலையில் இறங்கும்போது அந்தப் பையனிடம் கேட்டேன்: "உலக்கை விஷயத்தை உங்க காலேஜில் யாராவது கேட்டிருக்காங்களா?" "இல்ல சார். எங்களுக்கு ஹெர்பேரியம் பண்ணச் சொல்லியிருக்காங்க. செடி பறிச்சிக்கிட்டுப் போவத்தான் இப்ப வந்திருக்கேன்." ஹெர்பேரியம் நல்ல பயிற்சிதான், செடியைச் செடியாகப் பார்க்கக் கற்றுத்தரும். ஆனால் மலையின் மிகப் பெரிய தாவரவியல் கேள்வியை வீட்டில் வைத்துக்கொண்டு, காய்ந்த இலையை அட்டையில் ஒட்டி அவர் மதிப்பெண் வாங்குகிறார்.

மலையிலிருந்து இறங்கி, சின்னசேலம், ஆத்தூர் வழியாக மேற்கே போனால் காற்றிலேயே ஊர் மாறியது தெரியும். புளித்த மாவு மணம். சேகோ ஆலைகளின் பகுதி இது. மரவள்ளிக் கிழங்கை அரைத்து, மாவைத் தெளியவைத்து, குருணையாக்கி, வறுத்து, காயவைத்தால் ஜவ்வரிசி. ஆலைக்காரர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் 1981இல் சேலத்தில் தொடங்கியது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

புத்திரகவுண்டன்பாளையத்தில் இறங்கினால் 146 அடி உயர முத்துமலை முருகனைப் பார்க்காமல் இருக்க முடியாது. 2022 ஏப்ரலில் குடமுழுக்கு நடந்தது. அதற்கு ஒரு மாதம் முன்னால், மார்ச் 7ஆம் தேதி, பக்கத்தில் இருக்கும் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் இன்னொரு வருகை நடந்தது. வந்தவர் உயரம் இரண்டு மில்லிமீட்டருக்குள். அனாகைரஸ் லோபேசி என்ற ஒட்டுண்ணிக் குளவி.

மரவள்ளிக்கு வந்த மாவுப்பூச்சிதான் அதை வரவழைத்தது. 2020இல் திருச்சூர்ப் பக்கம் முதலில் தென்பட்டு, சீக்கிரமே சேலம் வட்டாரத்துக்கும் வந்துவிட்டது. கொழுந்தைச் சுருட்டிக் கொத்தாக்கிவிடும். கணுக்கள் நெருங்கிச் செடி குட்டையாகும். மேலே மெழுகுப் பூச்சு இருப்பதால் மருந்து அடித்தாலும் உடம்பில் இறங்காது. ஆண் தேவையில்லை, பெண் மட்டுமே பெருகும். நடவுக்கு வாங்கும் கரணைகளோடு சேர்ந்து ஊர் ஊராகப் பயணம் செய்யும்.

இதே பூச்சி 1970களில் ஆப்பிரிக்காவில் கோடிக்கணக்கான மக்களின் சோற்றில் கைவைத்தது. மரவள்ளி தென் அமெரிக்கப் பயிர். அப்படியானால் பூச்சியும் அங்கிருந்துதான் வந்திருக்கவேண்டும், அங்கே அதை அடக்கிவைக்கும் எதிரியும் இருக்கவேண்டும் என்று தேடினார்கள். 1981இல் பராகுவேயில் பூச்சி கிடைத்தது. கூடவே இந்தக் குளவியும். ஹான்ஸ் ஹெரன் என்ற சுவிட்சர்லாந்துப் பூச்சியியலாளர் தலைமையில் அதைப் பெருக்கி, ஆப்பிரிக்கா முழுக்க விட்டார்கள். 1995இல் அவருக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது. நம் ஊருக்கும் பூச்சி வந்ததும் பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வள ஆய்வகம் 2021இல் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து குளவியை வரவழைத்து, தனிமைக் கூடத்தில் வைத்து, வேறு நல்ல பூச்சிகளைத் தொடாது என்று சோதித்த பிறகு ஏத்தாப்பூரில் விட்டது. பப்பாளி மாவுப்பூச்சிக்காக 2010இல் பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து குளவிகளைக் கொண்டுவந்து வெற்றிபெற்ற அனுபவமும் கையில் இருந்தது.

அந்தப் பக்கத்துக் கொல்லை ஒன்றில் விவசாயி ஒருவர் சுருண்ட கொழுந்து ஒன்றைக் கிள்ளி என் உள்ளங்கையில் வைத்துக் கைலென்ஸைக் கொடுத்தார். வெள்ளைத் துகளுக்கு நடுவே இளஞ்சிவப்பில் மாவுப்பூச்சிகள் மெல்ல நகர்ந்தன. நான்கைந்து மட்டும் நகரவில்லை. பழுப்பாக, உப்பலாக, கெட்டித்த ஓடு மாதிரி இருந்தன. ஒன்றின் பின்பக்கத்தில் ஊசி குத்தினாற்போல வட்ட ஓட்டை. உள்ளே முட்டையிட்ட குளவியின் குஞ்சு பூச்சியைத் தின்று வளர்ந்து, அந்த ஓட்டை வழியே பறந்து போயிருந்தது. "இது இருந்தா மருந்து அடிக்கக் கூடாதுங்க. அடிச்சா குளவி செத்துடும், பூச்சி இருக்கும்" என்றார். எதை அடிக்கவேண்டும் என்று விற்பனையாளர் சொல்லித் தெரிந்துகொண்டவர்கள் ஏராளம். எப்போது சும்மா இருக்கவேண்டும் என்று இவருக்கு ஆராய்ச்சி நிலையம் சொல்லித் தந்திருக்கிறது.

கண்டங்கள் கடந்த இந்தக் கதையில் எந்தத் துறைக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது. பயிரின் பூர்வீகம் வரலாறு. குளவியை அடையாளம் காண்பது வகைப்பாட்டியல். எவ்வளவு விட்டால் எத்தனை மாதத்தில் பரவும் என்பது கணிதம். பெட்டியில் அடைத்து நாட்டுக்குள் கொண்டுவருவது சட்டம். மருந்து அடிக்காமல் கையைக் கட்டிக்கொண்டிருங்கள் என்று விவசாயியை நம்பவைப்பது உளவியல். எல்லாரையும் ஒன்றுசேர்த்தது மரவள்ளி நட்டு நட்டமடைந்தவரின் கேள்வி.

ஆத்தூர் திரும்பும் வழியில் இந்தச் சாலையோரத்துக் கலை அறிவியல் கல்லூரிகளை எண்ணிப் பார்த்தேன். அங்கே படிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் வயலும் மலையும் ஆலையும் உள்ள வீடுகளிலிருந்து வருகிறவர்கள். வேளாண் மாணவிகள் கிராமத்தைத் தேடிப் போகவேண்டும். இவர்கள் தினமும் சாயங்காலம் கிராமத்துக்குத்தான் திரும்புகிறார்கள். ஐந்தாவது செமஸ்டரில் ஒரு தாளுக்குப் பதிலாக ஒரே ஒரு கேள்வி போதும். வேதியியல், விலங்கியல், கணிதம் என்று மூன்று துறையிலிருந்து ஆளுக்கிரண்டு பேர். சேகோ ஆலைக் கழிவுநீர் இறங்கும் கிணற்றில் எந்த மாதம் எது கூடுகிறது. மக்காச்சோளப் படைப்புழு முதலில் எந்தப் பக்கத்து வயலில் ஏறுகிறது. மலைக் கிராமத்துக்கு ஏற்ற உமி நீக்கும் எந்திரம் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை படி அரைக்கவேண்டும். கேள்விக்குச் சொந்தக்காரர் ஒருவர் ஊரில் இருக்கவேண்டும். முடிவை அவரிடம் போய்ச் சொல்லி, அவர் சொல்வதையும் எழுதிக்கொண்டு வந்தால்தான் மதிப்பெண்.

தடைகள் தெரியும். பல கல்லூரிகளில் பாதி வகுப்பு கௌரவ விரிவுரையாளர்கள் தலையில். அவர்களுக்கு அடுத்த வருட வேலையே உறுதியில்லை. மாணவர்களை ஊருக்கு அழைத்துப் போய் ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று கேட்பார்கள், கேட்பது நியாயம். மூன்று துறை சேர்ந்து செய்த வேலைக்கு எந்தத் துறையின் வெளித்தேர்வாளர் மதிப்பெண் போடுவார் என்பதற்குப் பல்கலைக்கழக விதியில் இடம் தேடவேண்டும். 'பல்துறை' என்ற பெயரில் முக்கியப் பாடத்தின் ஆழம் போய்விடும் என்ற பயமும் வெறும் சாக்கு அல்ல. நொதியின் வேலையை முழுதாகப் படிக்காதவர் மெத்தனாலைப் பற்றி மேடையில் பேசலாம், உதவ முடியாது. ஆகவே துறைகளைக் கலைக்கச் சொல்லவில்லை. ஆறு செமஸ்டரில் ஒன்றில், ஆழமாகப் படித்ததை எல்லாம் எடுத்துக்கொண்டு ஓர் ஊருக்குள் போகும் வாய்ப்பு இருக்கட்டும் என்கிறேன். இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம், கருவிகளும் பெரிதாக வேண்டாம். பாடத்திட்டக் குழுவின் அடுத்த கூட்டத்தில் ஒரு தாளை எடுத்துவிட்டு இந்த வேலைக்கு இடம் ஒதுக்கினால், வரும் ஜூனில் சேரும் பிள்ளைகளிலிருந்தே தொடங்கலாம்.